ரேஸ் இறங்காத ஆர்.எக்ஸ் 100: கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் ரப்பரைப் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ் 100. காலையில் சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது. சூடேறிய பிறகு இதற்கு நேர்மாறு: ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டாலும் ரேஸ் இறங்காமல் இரைந்துகொண்டே நிற்கிறது. ஓசூர் பக்கம் போனால் தொந்தரவு கொஞ்சம் குறைகிறது, தருமபுரிக்குத் திரும்பினால் மறுபடியும் அதே கதை. இரண்டு மாதத்தில் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகு) மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று. இப்போது கார்புரேட்டரையே புதிதாக வாங்கிப் போடச் சொல்கிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தைக் கொஞ்ச நாள் பையிலேயே வையுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகள் சேர்ந்து வந்தால் நான் முதலில் கை வைக்கும் இடம் கார்புரேட்டர் அல்ல, அதை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கருப்பு ரப்பர். கடையில் மேனிஃபோல்டு ரப்பர் என்று கேட்டாலும் கார்புரேட்டர் ரப்பர் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். கிருஷ்ணகிரியில் பழைய வண்டிகளோடு முப்பது வருடமாக இருக்கிறேன். 'கார்புரேட்டர் சரியில்லை' என்று தள்ளிக்கொண்டு வந்த எத்தனையோ வண்டிகளில் கார்புரேட்டர் நன்றாகவே இருந்தது, ரப்பர்தான் போயிருந்தது.

நடப்பது என்னவென்றால், இன்ஜினுக்குள் போகும் கலவையில் எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று இருக்க வேண்டும். எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. ஆனால் தன் வாய் வழியாகப் போகும் காற்றுக்குத்தான் அது கணக்குப் பார்க்கும். தன்னைத் தாண்டி, ரப்பர் வெடிப்பு வழியாகக் களவாக நுழையும் காற்று அதற்குத் தெரியாது. அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். குளிர்ந்த இன்ஜினுக்கு அந்தக் கலவை போதாது, அதனால் சோக் போட்டால்தான் உயிர் பிடிக்கும். சூடேறிய பிறகு அதே கூடுதல் காற்று ரேஸை ஏற்றி நிறுத்திவிடும்.

ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கும்போது கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. இன்ஜின் இழுக்கும் இழுப்பு முழுவதும் ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் அந்த ரப்பரின் மேல்தான் விழுகிறது. மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும், அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும். ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திருகிப் போகும்போது கார்புரேட்டர் வழியாகவே காற்று தாராளமாக வருவதால் வெடிப்பின் பங்கு சிறிதாகிவிடும். பைபாஸில் 60-இல் போகும்போது வண்டி ஒழுங்காக இருப்பதும், ஊருக்குள் வந்து நாலு ரோட்டில் நின்றதும் தொல்லை தருவதும் இதனால்தான்.

ஓசூர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஓசூர் தருமபுரியைவிட 400 மீட்டர் போல உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவு. அதே ஜெட், அதே பெட்ரோல், ஆனால் காற்று கொஞ்சம் குறைவு என்பதால் கலவை கொஞ்சம் கெட்டியாகிறது. ரப்பர் வழியாக வரும் திருட்டுக் காற்றின் விளைவை அது ஓரளவு ஈடுகட்டுகிறது. இறங்கி வந்ததும் பழையபடி ஆகிறது. நீங்கள் இதைக் கவனித்து எழுதியது நல்லதாயிற்று, ரப்பர் மேல் எனக்குச் சந்தேகம் வலுத்தது அதை வைத்துத்தான்.

இதை வெறும் சத்தத் தொந்தரவாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சேலம் போய் வருபவர். தொப்பூர் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போனால் பிரேக்கின் மேல் எவ்வளவு பாரம் விழும் என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த வளைவுகளில். இன்னொரு ஆபத்து இன்ஜினுக்கு. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். ஆர்.எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் வண்டி, அதில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து வருகிறது. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அப்படிப்பட்ட வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்ததாக அர்த்தம். பிஸ்டன் சூடேறி, விரிந்து, போரோடு (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் இருந்தது. ரப்பரில் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. கடையில் ஸ்டாக் இல்லை என்பதால், இணைப்புகளில் கசியாமல் வைக்கும் பேக்கிங்குக்குப் பூசும் சிலிகான் பசையை வெடிப்பின் மேல் அப்பி, ஒரு ராத்திரி காயவிட்டு மாட்டினேன். நாலைந்து நாள் பிரமாதமாக ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்விட்டு, பென்னாகரம் நோக்கிக் காட்டு ரோட்டில் மேடு ஏறிக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் மெலிந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி கனத்தது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகி ரோட்டில் தேய்ந்தது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். ராத்திரி கழற்றிப் பார்த்தபோது அந்தப் பசை பெட்ரோலில் ஊறி, கொழகொழவென்று உப்பி, பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சாதாரண சிலிகான் பசை பெட்ரோல் படும் இடத்தில் நிற்காது என்பதை ஒரு பிஸ்டனையும் போரையும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். ஓடும்போது எப்போதாவது வண்டி அப்படிக் கனக்க ஆரம்பித்தால் யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள்.

சரி, உங்கள் வண்டியில் ரப்பர்தானா என்று எப்படி உறுதி செய்வது? செலவில்லாத வழி தண்ணீர். சலூனில் தலைக்கு அடிப்பார்களே, அந்த ஸ்பிரே பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சூடாக்கி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். மூக்கு முனையைக் குறுக்கி, ரப்பரின் மேல், கீழ், இரண்டு பக்கம், பிறகு அது இன்ஜினோடு சேரும் விளிம்பு என்று ஒவ்வொரு இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். ஓர் இடத்தில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால், ரேஸ் சட்டென்று இறங்கினால் அல்லது தடுமாறினால், அங்கேதான் காற்று போகிறது. தண்ணீர் ஒரு கணம் அந்த வெடிப்பை அடைக்கிறது, அவ்வளவுதான். கார்புரேட்டரின் பின்வாயில் தண்ணீர் அடித்துவிடாதீர்கள், அங்கே அடித்தால் எந்த வண்டியும் தடுமாறும். பிளக் கேப் மேலும் படக் கூடாது.

சிலர் இதே சோதனையைப் பெட்ரோல் தெளித்துச் செய்வார்கள். வேகமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் சுடும் இன்ஜின், பக்கத்திலேயே பிளக் வயர், அதன் மேல் பெட்ரோல். என் பட்டறையில் யாரையும் நான் அதைச் செய்ய விடுவதில்லை. ஊதுபத்திப் புகை காட்டிப் பார்ப்பதும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

தண்ணீரில் பிடிபடவில்லை என்றால் ரப்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். வண்டியில் இருக்கும்போது பார்த்தால் பளபளவென்று முழுசாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். கழற்றி, துடைத்து, இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கமாக மெதுவாக வளையுங்கள். கோடாகக்கூடத் தெரியாமல் மூடிக்கிடந்த வெடிப்பு வளைக்கும்போது வாயைத் திறக்கும். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில், ரப்பரை இறுக்கும் கிளாம்ப் வளையத்தின் பள்ளத்தை ஒட்டி இருக்கும், கார்புரேட்டரின் எடை நாளும் தொங்கி ஆடுவது அந்த இடத்தில்தான். மேல்தோலில் மட்டும் சின்னச் சின்ன ரேகைகள் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். நகத்தை விட்டுப் பாருங்கள், நகம் உள்ளே இறங்கினால் மாற்ற வேண்டிய நேரம்.

இன்னொரு இடம் இருக்கிறது, நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். ஆர்.எக்ஸ் 100-இல் இந்த ரப்பர் ஒரு உலோகத் தகட்டோடு ஒட்டி வார்க்கப்பட்டு, கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வான ரீட் வால்வோடு சேர்த்து போல்டில் இறுக்கப்பட்டிருக்கும். ரப்பர் நன்றாக இருக்கும், தகடும் நன்றாக இருக்கும், இரண்டும் ஒட்டிய இடம் மட்டும் விட்டிருக்கும். வளைத்துப் பார்த்தாலும் தெரியாது. இதற்குப் பஞ்சர் கடைக்காரர் முறைதான் சரி. கார்புரேட்டர் நுழையும் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொள்ளுங்கள். தகட்டுப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஷீட்டை வைத்து, அதில் சின்ன ஓட்டை போட்டு ட்யூபைச் செருகி, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி வாயால் ஊதுங்கள். எங்கே விட்டிருக்கிறதோ அங்கிருந்து குமிழி மணிமணியாகக் கோத்துக்கொண்டு மேலே வரும். ஊதிக்கொண்டே ரப்பரைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், அசைக்கும்போது மட்டும் குமிழி விடுகிற ரப்பர்களும் உண்டு. ஓடும்போது இன்ஜின் அதை அசைத்துக்கொண்டேதானே இருக்கிறது.

போயிருந்தால் மாற்றுங்கள். சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது வழியில் நின்றுபோன வண்டியை வீடு வரை கொண்டுவருவதற்கு மட்டும்தான். எம்-சீல் இறுகிக் கல்லாகிவிடும், ரப்பர் அசையும், அதனால் இரண்டும் ஒட்டி நிற்காது. புது ரப்பர் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, உள்வாயின் அகலம், உயரம், கார்புரேட்டர் சாயும் கோணம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்.எக்ஸ் குடும்பத்தில் வெவ்வேறு வண்டிக்கு வெவ்வேறு அளவு உண்டு. 'எல்லாம் ஒண்ணுதான்' என்று கடையில் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கிடைக்கவில்லை என்றால் சேலத்தில் பாருங்கள், அங்கேயும் இல்லையென்றால் பெங்களூர் ஜே.சி. ரோடு. அங்கே போனால் 'ஒரிஜினல், பழைய ஸ்டாக்' என்று பிரிக்காத கவரில் கொடுப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. அந்தக் காலத்து ரப்பர் கவருக்குள் இருந்தாலும் வயதாகாமல் இருக்காது, இறுகித்தான் போயிருக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து உடனே எழும்பினால் உயிருள்ள ரப்பர். நகம் வழுக்கிக்கொண்டு போனால் எந்தக் கம்பெனி முத்திரை இருந்தாலும் வேண்டாம். நன்றாகச் செய்த புது ரப்பர் முப்பது வருடப் பழைய ஒரிஜினலைவிட மேல்.

மாட்டும் வேலையைப் பொறுமையாகச் செய்யுங்கள். பழைய ரப்பரிலிருந்து கார்புரேட்டரை உருவும்போது ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, கார்புரேட்டரை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இழுத்தால் வரும். இறுகியிருந்தால் சுடுதண்ணீரில் நனைத்த துணியை ரப்பரைச் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். ரப்பர் தகட்டைக் கழற்றியதும் ரீட் வால்வு இதழ்களையும் பார்த்துவிடுங்கள். ஓரம் உடைந்திருந்தாலோ, மூடியிருக்கும்போது இடுக்கில் வெளிச்சம் தெரிந்தாலோ அதையும் மாற்றுங்கள். ஆயில் பம்ப் இன்னும் வேலை செய்கிற வண்டியாக இருந்து அதன் குழாயைக் கழற்ற நேர்ந்தால், திரும்ப மாட்டும்போது குழாயில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். குமிழி நிற்கும் குழாயில் ஆயில் போகாது.

பழைய பேக்கிங் துணுக்குகளைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. துணுக்கு உள்ளே விழாமல் ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்துக்கொண்டு சுரண்டுங்கள், துணியை எடுக்க மறக்காதீர்கள். தகடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஓர் ஓரத்தில் தூக்கினால், யாரோ ஒரு காலத்தில் ஒரு போல்டை மட்டும் கண்மூடித்தனமாக இறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடியின் மேல் நைஸ் எமரி தாளை விரித்து, தகட்டை எட்டு வடிவத்தில் தேய்த்தால் சமமாகிவிடும். புது பேக்கிங் போடுங்கள். போல்டுகளை முதலில் கையால் முட்டும் வரை ஏற்றிவிட்டு, பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அவை 6 எம்.எம் போல்டுகள், இறங்குவது அலுமினியத்தில். டார்க் ஸ்பேனரில் இறுக்கும் அளவு ஒரு கிலோகிராம்-மீட்டருக்கு (kgf·m) மேல் கொடுக்க வேண்டியதில்லை. நீளமான ஸ்பேனரை ஓரத்தில் பிடித்து முழுப் பலத்தையும் போட்டால் மரை போய்விடும், அப்புறம் லேத்துக்கு அலைய வேண்டும்.

கார்புரேட்டரை ரப்பருக்குள் நுழைக்க கிரீஸ் வேண்டாம், இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீர் போதும். நுழைந்ததும், ரப்பரின் உள்ளே இருக்கும் படியில் கார்புரேட்டர் முட்டி நிற்கிறதா என்று விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பாதி நுழைந்த நிலையில் கிளாம்ப் போடுவதால் வரும் ஏர் லீக் நிறைய. கார்புரேட்டர் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும், சாய்ந்தால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் மட்டத்தை வைக்கும் மிதவையின் அளவு தப்பிவிடும்.

கிளாம்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரப்பருக்கு எமன் வெயில் பாதி, கிளாம்ப் பாதி என்பேன். காற்று போகிறது என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் செய்வது கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது. கிளாம்ப்பின் வெட்டிய விளிம்பு ரப்பருக்குள் இறங்கி, கத்தி மாதிரி அறுக்கும். அறுத்த இடத்தில் காற்று போகும், அதற்காக மறுபடியும் இறுக்குவோம். கார்புரேட்டரைக் கையால் பிடித்துத் திருப்பினால் திரும்பக் கூடாது, அந்த அளவு இறுக்கம் போதும். கிளாம்ப்பின் இரண்டு காதும் முட்டிக்கொண்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் கிளாம்ப் நீண்டுவிட்டது அல்லது ரப்பர் சுருங்கிவிட்டது. எது என்று பார்த்து அதை மாற்றுங்கள். துருப்பிடித்த கிளாம்ப்பைப் புது ரப்பரின் மேல் போடாதீர்கள்.

மாற்றி முடித்ததும் வண்டி இன்னும் மோசமாக ஓடலாம். புகை தள்ளும், ஐடிலிங்கில் அமுங்கும். பயப்படாதீர்கள். மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிய ஒவ்வொருவரும் அந்தத் திருட்டுக் காற்றை ஈடுகட்ட, கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்குரூவை உள்ளே திருகியிருப்பார்கள், ஜெட்டையும் பெரிதாக்கியிருப்பார்கள். ஓட்டை அடைபட்டதும் அந்த ஈடு அதிகப்படியாகிவிடுகிறது. முதலில் ஜெட்டைக் கம்பெனி அளவுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு ஏர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் கால் சுற்று கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, ரேஸ் எங்கே அதிகமாகவும் சீராகவும் நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடிலிங் ஸ்குரூவால் ரேஸைக் குறையுங்கள். உங்கள் வண்டியில் இந்த ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். பல்சர் போன்ற வண்டிகளில் ஸ்குரூ இன்ஜின் பக்கம் இருக்கும், அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இதை மாற்றி நினைத்துக்கொண்டு திருகுகிறவர்கள் அதிகம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தால் இன்னும் காற்று அதிகம். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி.

இதுவரை சொன்னது இன்ஜின் பக்க ரப்பர். கார்புரேட்டருக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து வரும் இன்னொரு ரப்பர் இருக்கிறதே, அதை யாரும் சட்டை செய்வதில்லை. அது கிழிந்தால் ரேஸ் பெரிதாக மாறாது, வண்டி நிற்காது, எந்த அறிகுறியும் காட்டாது. ஆனால் இன்ஜின் ஃபில்டரைத் தாண்டி நேரடியாக வெளிக்காற்றை இழுக்கும். நம் மாவட்டங்களில் அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளுக்குப் போகும் மண் ரோடுகளில் ஒரு டிப்பர் போனால் ஐந்து நிமிடத்துக்குப் புழுதி அடங்காது. அந்தத் தூள் கல்தூள். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே போனால் எமரி தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் வருடத்துக்கு ஒருமுறை போர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் கார்புரேட்டரின் பின்வாயில் விரலை விட்டுத் துடைத்து, விரல் நுனிகளை ஒன்றோடு ஒன்று தேய்த்தேன். நறநறத்தது. ஏர் ஃபில்டர் புதிது, ஆனால் ரப்பரின் அடிப்பக்கம் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உங்கள் வண்டியிலும் இந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இந்தப் பின்பக்க ரப்பர் கிழியாமல் வெறுமனே இறுகியிருந்தால் அதை மிருதுவாக்க ஒரு வழி உண்டு. ஊட்டிக் கடைகளில் தைலப் பாட்டில்களோடு விண்டர்கிரீன் ஆயில் விற்பார்கள். அது ஒரு பங்கு, சைலீன் மூன்று பங்கு கலந்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ரப்பரை முழுக ஊறவைக்க வேண்டும். சில மணி நேரத்தில் வளைய ஆரம்பிக்கும், எடுத்துக் காயவைத்து மாட்டலாம். வெட்டவெளியில், கையுறை போட்டு, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். விண்டர்கிரீன் ஆயில் வாசனை இனிப்பாக இருக்கும், ஆனால் குடித்தால் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இந்த மிருது சில மாதங்களில் போய்விடும். கடைகளில் கிடைக்காமல் போன ரப்பருக்காகச் செய்வது இது. வெடிப்பு விட்ட இன்ஜின் பக்க ரப்பருக்கு இதைச் செய்து பயனில்லை.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஓசூரில் செய்த சாமுராய், மேக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு மேலே சொன்னது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பழைய ஸ்பிளெண்டர், சி.டி 100 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின் பக்கம் ரப்பரே கிடையாது. அலுமினியக் குழாய், நடுவில் சூடு தாங்கும் பேக்கலைட் துண்டு, இரண்டு பக்கமும் ஓ ரிங். அங்கே அந்த ஓ ரிங்தான் ரப்பரின் வேலையைச் செய்கிறது. பள்ளத்தில் வைத்தால் அது விளிம்பைவிடக் கொஞ்சம் மேலே எழும்பித் தெரிய வேண்டும். தட்டையாகிச் சமமாக உட்கார்ந்துவிட்டால் போல்டை எவ்வளவு இறுக்கினாலும் காற்று போகும். பத்து ரூபாய் சாமான், கார்புரேட்டரைக் கழற்றும்போதெல்லாம் மாற்றிவிடலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இன்னொரு அடையாளம், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். சைலன்சர் சேரும் இடத்தில் லீக் இருந்தாலும் அதே சத்தம் வரும் என்பதால் இரண்டையும் பாருங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, மாம்பழ சீசன் வெயில் முடிந்ததும் ரப்பரைக் கழற்றி வளைத்துப் பார்த்துவிடுங்கள். வெளிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து லேசாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எல்லாம் தடவினால் அப்போதைக்குப் பளபளக்கும், புழுதி ஒட்டும், சில வகை ரப்பர் உப்பவும் செய்யும். வண்டியை வெயிலில் நிறுத்தாமல் இருந்தால் ரப்பருக்கும் ஆயுசு கூடும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்துதான் ஓடும். முன்பு வண்டி பொறுத்துக்கொண்ட சின்ன ஏர் லீக்கை இப்போது பொறுக்காது. 1990-களின் ரப்பர் எதுவும் இந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்ததல்ல. பெட்ரோல் ட்யூப், கார்புரேட்டர் கிண்ணத்து ஓ ரிங் இரண்டையும் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, ரப்பர் புதிது, பேக்கிங் புதிது, தண்ணீர் அடித்தாலும் மாற்றமில்லை, ஆனாலும் ரேஸ் இறங்கவில்லை என்றால் இரண்டு இடம் பாக்கி. ஹேண்டிலை இடது வலது முழுதாகத் திருப்பும்போது ரேஸ் மாறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கிறது, கேபிளின் வழியைச் சரிசெய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் மேக்னெட் (இன்ஜின் ஓரத்தில் கரண்ட் உண்டாக்கும் சக்கரம்) பக்கத்து கிராங்க் ஆயில் சீல். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த சீல் தேய்ந்தாலும் கிராங்க் அறைக்குள் காற்று நுழைந்து இதே அறிகுறிதான் காட்டும். மேக்னெட்டைக் கழற்ற புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள். ஆனால் முதலில் அந்த ஸ்பிரே பாட்டிலை எடுங்கள். தண்ணீர் எந்த இடத்தில் பட்டதும் சத்தம் மாறியது என்று எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.